கேமரா ஏடு எழுதாது

"லைவ் போடுங்க, மிச்சத்தை ஆட்டோமேஷன் பாத்துக்கும்." சிறுதொழில் பயிற்சி வகுப்புகளில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. ஆட்டோமேஷன் கற்றுத்தரும் தமிழ்க் காணொளிகளிலும் இதே பாட்டுதான். பட்டறையில் வார்ப்பு நடக்கும் மேசைக்கு மேலே ஒரு போனை மாட்டி, யூடியூபிலோ ட்விட்சிலோ நேரலையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நேரலை முடிந்ததும் ஸேப்பியர், மேக், ஸோஹோ ஃப்ளோ போன்ற இணைப்பு மென்பொருள் ஒன்று விழித்துக்கொண்டு பதிவை எடுக்கும். பேச்சை எழுத்தாக்கும், செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கும், கான்ஃப்ளுயன்ஸ், நோஷன் போன்ற ஆவண மென்பொருளில் தலைப்பும் உட்தலைப்புமாக ஒரு பக்கத்தைப் போட்டுவிடும். யாரும் பேனாவைத் தொட வேண்டியதில்லையாம். கைத்தொழில் தானே ஏட்டில் ஏறிவிடுமாம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை மாதிரி இடங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று படித்தவர்களே நம்புகிறார்கள்.

நான் நம்பவில்லை. பட்டறைக்கு நேரலை வேண்டும், ஏடு வேண்டும், இரண்டையும் இணைக்கிற ஆட்டோமேஷனும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த இணைப்பு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதில் இவர்கள் முழுத் தவறு செய்கிறார்கள். ஏட்டில் இருப்பது நேரலைக்குத் தானாகப் போகலாம். நேரலையில் வந்தது ஏட்டில் ஏற வேண்டுமானால், ஒரு ஆள் அதைப் படித்து, திருத்தி, தன் பெயரைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த ஆளை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏடே இல்லை.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் ரயில் சந்திப்பாகவும் பழமலைநாதர் கோயிலாகவும் அறிவார்கள். பீங்கானாலும் ஊருக்குப் பெயர் உண்டு. பக்கத்தில் நெய்வேலியில் 1957-ல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள்; 1961-ல் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அந்த நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. களிமண் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது, சரக்கு அனுப்ப ரயில் இருந்தது. அரசு ஒரு செராமிக் தொழிற்பேட்டையை அமைத்து, செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்க ஒரு கல்வி நிலையத்தையும் வைத்தது. கொலு பொம்மை, அகல் விளக்கு, கழிவறைப் பீங்கான், மின்சார ஃபியூஸ் கேரியர் எனப் பலதும் இங்கே சூளையேறுகின்றன. இத்தனைக்கும், சிறிய பட்டறைகளில் ஓடுகிற அறிவில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. கை பழகியவர் வேலையை விட்டுப் போனால் அவரோடு அதுவும் போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்ற தவிப்பு நேர்மையானது. அந்தத் தவிப்புக்கு அவர்கள் எழுதித் தரும் மருந்துதான் தப்பு.

பொம்மை வார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைத் தண்ணீரோடு, உருளும் அரவை இயந்திரமான பால் மில்லில் அரைத்தால் ஒரு குழம்பு கிடைக்கும். அதற்குப் பெயர் சிலிப். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் மண் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து அச்சைப் பிரிக்கிறார்கள். பார்க்க அழகான காட்சி, நேரலைக்கு வாகானது. கேமரா இதை முழுசாகப் பிடித்துவிடும்.

கேமராவுக்கு அகப்படாதது வேறு. சிலிப் இளகி ஓடுவதற்குச் சோடியம் சிலிகேட் சேர்க்கிறார்கள். உலர்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகவே அது தேவைப்படும். கொஞ்சம் குறைந்தால் குழம்பு கெட்டியாக நிற்கும். கொஞ்சம் கூடினாலும் மறுபடி கெட்டிப்படும். நெய்வேலி மண்ணாக இருந்தாலும் வேறெங்கிருந்து வந்த மண்ணாக இருந்தாலும், ஒரு லோடு போல அடுத்த லோடு இருப்பதில்லை. அதனால் நேற்றைய அளவு இன்றைக்குச் சரிவராது. அனுபவப்பட்டவர் கையை முக்கி எடுத்து, விரலிலிருந்து குழம்பு எப்படி வடிகிறது என்று பார்த்து, இன்னும் ஒரு மக் தண்ணீர் விடுகிறார். நேரலையில் தெரிவது அந்த மக் மட்டும். ஏன் ஒன்று, ஏன் இரண்டு இல்லை என்ற கணக்கு அவர் தலைக்குள் நடக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, பதினைந்து வருஷமாக யாரும் கேட்டதும் இல்லை. சொல்லாத ஒன்றை எந்த எழுத்தாக்க மென்பொருளும் எழுத முடியாது.

இன்னொரு சங்கதி இதைவிடப் பெரியது. தானாக ஏறும் ஏட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை யோசித்ததாகவே தெரியவில்லை. செராமிக் தொழிலில் தவறு நடக்கும் நாள் ஒன்று, அது வெளியே தெரியும் நாள் வேறொன்று. திங்கட்கிழமை சிலிப்பில் செய்த பிசகு, அச்சு பிரித்த பொருள் காய்ந்து சூளைக்குள் போய் வெளியே வரும்போதுதான் வெடிப்பாகத் தெரியும். மழைக்காலத்தில் அச்சு காய மறுக்கிறதே என்று சூளைக்குப் பக்கத்தில் அதிகச் சூட்டில் வைத்தால், பிளாஸ்டர் தன் நீரை இழந்து வலுவிழக்கும். பல வார்ப்புகள் தாண்டிய பிறகு அந்த அச்சின் நுணுக்கம் மழுங்கும். சூளை ஆறும்போது 573 டிகிரியை ஒட்டி குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டெனச் சுருங்குகிறது. அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடக்கவைத்தால் பொருள் விரிசல் விடும். மேலே பளபளக்கும் பூச்சான கிளேஸும் உள்மண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சூளையிலிருந்து முழுசாக வந்த பாத்திரத்தில்கூட வாரங்களுக்குப் பிறகு, மாதங்களுக்குப் பிறகு, வலைபோல மயிரிழைக் கோடுகள் விழும். வாடிக்கையாளர் போன் செய்து திட்டும்போதுதான் பட்டறைக்கே விஷயம் தெரியும்.

காரணமும் விளைவும் ஒரே நேரலைக்குள் வருவதில்லை என்பது இதிலிருந்தே புலப்படும். ஏடு என்று ஒன்று இருப்பதே இந்த இரண்டையும் கோப்பதற்காக. "இந்தப் புகார் வந்த விளக்கு எந்த பேட்ச்? அந்த பேட்சுக்கு எந்த லோடு மண்? சிலிகேட் எவ்வளவு? சூளைக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தோம்?" என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்து, "ஆக, இதுதான் காரணம், இனி இப்படிச் செய்" என்று ஒருவர் எழுத வேண்டும். அந்த வாக்கியம் எந்த நேரலையிலும் பேசப்பட்டிருக்காது. நாற்பது நேரலைகளைச் சுருக்கி நாற்பது பக்கங்கள் போட்டாலும் அது அவற்றில் வராது. தனித்தனி நாட்களை அடுக்கித் தரும் இணைப்பு மென்பொருள் நாட்களுக்கு நடுவே ஓடும் நூலைப் பிடித்துத் தருவதில்லை.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட விஸ்பர் இந்த இணைப்புகளில் பரவலாகப் பயன்படுகிறது. அதைப் பழக்க 6,80,000 மணி நேர ஒலியைப் பயன்படுத்தினார்கள். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குச் சேர்ந்த பங்கு 1,17,000 மணி நேரம். அந்தப் பங்கிலும் தமிழ் ஒரு மூலையில்தான் இருக்கும். கடலூர் மாவட்டப் பட்டறைத் தமிழ் எங்கே இருக்கப் போகிறது? பால் மில் இரைச்சலுக்கு நடுவே சூளையின் சூடு "ஆயிரத்து நூறு" என்று சொன்னது "ஆயிரத்து இருநூறு" என்று எழுதப்பட்டால் ஒரு சூளைச் சரக்கே நாசமாகும். கையால் எழுதிய நோட்டில் கோணல்மாணலாக ஓர் எண் இருந்தால் படிப்பவர் சந்தேகப்பட்டு விசாரிப்பார். தடித்த தலைப்பும் புள்ளியிட்ட வரிகளுமாக வந்து நிற்கும் பக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

மௌனத்தின் சிக்கல் இன்னும் மோசமானது. 2024-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விஸ்பரைச் சோதித்தபோது, ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில், யாருமே பேசாத சொற்றொடர்களைக் கருவி தானாகப் புனைந்து எழுதியிருந்தது. பேச்சின் நடுவே இடைவெளி நீண்ட இடங்களில் இந்தக் கோளாறு அதிகம் என்பதும் தெரியவந்தது. பட்டறை வேலை எப்படிப்பட்டது? பொம்மைக்குக் கண் வரைகிறவர் மூச்சையே அடக்கிக்கொண்டுதான் வரைகிறார். ஒரு மணி நேர நேரலையில் பத்து நிமிஷப் பேச்சு இருந்தால் அதிகம். மிச்ச ஐம்பது நிமிஷமும் கருவி புனைவதற்குத் திறந்த வெளி.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு போன்றவர்கள் இந்திய மொழிகளுக்கான பேச்சுக் கருவிகளில் உழைத்துவருகிறார்கள். தமிழை இன்னும் நன்றாகக் கேட்டு எழுதும் கருவி வரும், வர வேண்டும். வந்தால் அந்த நூறு டிகிரிப் பிழை குறையலாம். மக் தண்ணீரின் காரணம் அப்போதும் பதிவாகாது.

இனி பொறுப்பு. விருத்தாசலத்தில் வெறும் அலங்காரப் பொம்மை மட்டும் செய்வதில்லை. ஃபியூஸ் கேரியரும் செய்கிறார்கள். அதற்கு ஐ.எஸ். 2086 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அது வீட்டு மின்சாரத்தைத் தாங்கி நிற்க வேண்டிய பொருள். அதன் செய்முறைப் பக்கத்தில் ஓர் எண் தவறாக ஏறினால் யாரைக் கேட்பது? கான்ஃப்ளுயன்ஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் பதிப்பு எண் வைத்து, யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று வரலாறு காட்டுகிறது. வெளி மென்பொருள் ஒன்று பக்கத்தைத் திருத்த வந்தால்கூட அடுத்த பதிப்பு எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும். நடுவில் வேறொருவர் திருத்தியிருந்தால் கோரிக்கை திரும்பி வந்துவிடும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. தானாக ஏற்றும் ஓட்டங்களை அமைப்பவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஒவ்வொரு நேரலைக்கும் புதுப் பக்கம் திறக்கச் செய்துவிடுகிறார்கள். விளைவாக, ஒரே சிலிப் கலவையைப் பற்றி முப்பது பக்கங்கள், ஒன்றுக்கொன்று முரணாக, எழுதியவர் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் கணக்கின் பெயரோடு நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் இதில் எதை நம்புவான்?

நேரலையும் ஏடுமாகவே வாழும் நிறுவனம் ஒன்று உலகில் உண்டு. உக்ரைனியரான டிமித்ரோ சபரோஜெட்ஸ் 2011-ல் தொடங்கிய திறமூலத் திட்டத்திலிருந்து வளர்ந்தது கிட்லேப். ஆட்கள் பல நாடுகளில் இருக்க, பொது அலுவலகம் இல்லாமலே நடக்கும் நிறுவனம். அவர்களுடைய கையேடு ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. தங்கள் கூட்டங்களில் பலவற்றை யூடியூபில் ஒரு தனிச் சேனலில் அப்படியே போடுகிறார்கள். நமக்கு ஆலோசனை சொல்லும் கூட்டத்தார் சொல்வது உண்மையானால், அந்தக் கூட்டங்களின் எழுத்தாக்கமே கையேடாக ஆகியிருக்க வேண்டும். அவர்கள் செய்வது நேர்மாறு. எந்த முடிவையும் முதலில் கையேட்டில் எழுது, பிறகு அறிவி என்பது அங்கே விதி. திருத்தத்தை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். ஆட்டோமேஷன் மென்பொருளையே செய்து விற்கும் நிறுவனம் அது. வேண்டுமானால் ஒரே நாளில் காணொளியிலிருந்து பக்கம் தயாரிக்கும் ஓட்டத்தை அமைத்துவிடுவார்கள். கையேட்டை மட்டும் ஆட்கள் கையில்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்க 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று பெரும் களஞ்சியமாக நிற்கிறது. அங்கே ஒன்றைத் தேடினால் கிடைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஆவணத்துக்கும் தலைப்பு என்ன, யாருடையது, எந்த ஆண்டு என்று ஆட்கள் உட்கார்ந்து பதிந்ததுதான். வெறுமனே வருடிக் குவித்திருந்தால் அது கிடங்காக மட்டுமே இருந்திருக்கும்.

"நேரமில்லை, அதனால்தான் ஆட்டோமேஷன்" என்பது அடுத்த வாதம். சிறு பட்டறைக்கு நேரமில்லை என்பது சரி. தானாக ஓடும் இந்த இணைப்பு நேரத்தை மிச்சப்படுத்துமா என்று பார்ப்போம். யூடியூப், வெளி மென்பொருள் தன்னோடு பேசும் வாயிலான ஏபிஐ-யைப் பயன்படுத்த ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுகள் தருகிறது. ஒரு தேடல் கோரிக்கைக்கு 100 அலகு செலவாகும். நேரலை தொடங்கிவிட்டதா என்று பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தேடல் வழியே விசாரித்தால் ஒரு நாளில் 96 தடவை, 9,600 அலகு. ஒதுக்கீடு ஏறக்குறைய அதற்கே தீர்ந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் 28,800, கட்டுப்படியே ஆகாது. சிக்கனமான வழிகள் உண்டுதான். அவற்றை அறிந்து அமைப்பதற்கும் பழுதானால் சீர்செய்வதற்கும் பட்டறையில் ஒரு ஆள் வேண்டும். ஸேப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதம் 100 பணிகள்தான். பல படிகள் கொண்ட ஓட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். என்8என் என்ற இணைப்பு மென்பொருளைச் சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம், ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்வது யார்? நோஷன் ஒரு உரைத் துண்டில் 2,000 குறிகளுக்கு மேல் ஏற்காது. தமிழில் 'கி', 'கொ' போன்ற எழுத்துகள் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளாகவே எண்ணப்படுவதால் அந்த எல்லை நமக்கு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஒரு நேரலையின் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் உள்ளே அனுப்ப முடியும்.

ஏட்டுப் பக்கத்தில் ஒட்டிவைத்த காணொளி இணைப்பு நாளைக்கும் திறக்குமா என்பது வேறு கவலை. ட்விட்சில் சாதாரணக் கணக்கின் நேரலைப் பதிவு 7 நாள்தான் இருக்கும். அடுத்த படியில் இருப்பவர்களுக்கு 14 நாள், உயர்ந்த படியினருக்கு 60 நாள். வெட்டிச் சேமித்துவைக்கும் பகுதிகளுக்கும் 2025 ஏப்ரல் முதல் மொத்தம் 100 மணி நேரம் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். யூடியூபில் நேரலை 12 மணி நேரத்துக்குள் முடிந்தால்தான் பதிவு தானாகச் சேமிக்கப்படும் என்று உறுதி. சூளை ஏற்றி, எரித்து, ஆறவைத்துத் திறப்பது 12 மணி நேரத்துக்குள் அடங்குகிற வேலையா? எதைப் பதிவு செய்தே ஆக வேண்டுமோ, அதைத்தான் இந்த ஏற்பாடு தவறவிடுகிறது.

நேரலையால் சீனத்தின் ஜிங்டெஜென் செழிக்கவில்லையா என்று கேட்பார்கள். நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்குப் பேர்போன அந்த நகரத்தில் இன்று நேரலை விற்பனை பெரிய தொழில். அலிபாபாவின் தாவோபாவ் லைவ் 2016-ல் வந்தபிறகு சீனத்தில் நேரலை வழியே பொருள் வாங்குவது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. விருத்தாசலத்துப் பட்டறைகளும் நவராத்திரிக்கு முன்பும் கார்த்திகைக்கு முன்பும் நேரலையில் விற்க வேண்டும் என்று நானே சொல்வேன். இடைத்தரகர் வைத்த விலையைத் தாண்டிச் சென்னைவாசியிடமோ சிங்கப்பூர்த் தமிழரிடமோ நேரே பேச முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விற்கும் பேச்சு வாங்குபவரை நோக்கிய பேச்சு. "பாருங்கம்மா, எவ்வளவு பளபளப்பு, கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று நேரலையில் சொல்வதை அப்படியே எழுத்தாக்கிச் செய்முறை ஏட்டில் வைத்தால், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும் தொழிலாளிக்கு அது என்ன சொல்லும்? ஏட்டில் எழுத வேண்டியது "இந்த கிளேஸ் மூன்றாவது அடுக்கில் வைத்தால் கொப்புளிக்கிறது" என்பது. அதை நேரலையில் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

என்னை அதிகம் உறுத்துவது, இந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. கண் வரைகிறவரின் கை நெளிவை மேலிருந்து கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. மாலையில் அது பட்டறையின் பெயரில் ஒரு பக்கமாகிவிடுகிறது. அவரை யாரும் கேட்கவில்லை. எழுதப்பட்டது சரியா என்று அவருக்குப் படித்துக் காட்டவும் இல்லை. மூன்று மாதம் கழித்து, குறைந்த கூலிக்கு வந்த இன்னொருவருக்கு அந்தப் பக்கம் பாடமாகிறது. 2023-ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது; சட்டம் என்ன சொன்னாலும், கூலிக்கு வந்தவரின் வித்தையை அவருக்குத் தெரியாமல் உருவி வைத்துக்கொள்வது அநியாயம். அவர் தானே சொல்லி, எழுதியதைக் கேட்டு, "இல்லம்மா, இங்க தூரிகையைச் சாய்க்கணும், அதை விட்டுட்ட" என்று திருத்தி, பக்கத்தில் தன் பெயரைக் காணும்போதுதான் அவர் கொடுத்தவர் ஆகிறார். தானாக ஏறும் ஏட்டில் அவர் பறிகொடுத்தவர். அவருடைய பெயர் இருக்கும் ஏட்டில் கூலி உயர்வு கேட்கவும் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். ஆட்டோமேஷன் பேசும் யாரும் இதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சரி, எதைத் தானியக்கலாம்? நிறையவே தானியக்கலாம். ஏட்டில் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்: பேட்ச் எண், மண் வந்த நாள், ஒரு லிட்டர் சிலிப்பின் எடை, சிலிகேட் அளவு, அச்சு எண், சூளையில் வைத்த இடம், எட்டிய சூடு, திறந்த நேரம், உடைந்தது எத்தனை, விலை, கையிருப்பு. லிட்டருக்கு 1,750 கிராம் அளவில் நிற்க வேண்டிய சிலிப் ஒரு நாள் 1,650 காட்டினால் அந்த ஒரு எண்ணே ஒரு மணி நேரக் காணொளியைவிட அதிகம் பேசும். விற்பனைக்குத் தயாரான பேட்சில் ஒருவர் "ஒப்புதல்" என்று குறியிட்டதும், இணைப்பு மென்பொருள் அந்தப் பக்கத்திலிருந்து பெயர், அளவு, விலை, உடைந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வோம் என்ற விதி ஆகியவற்றை எடுத்து, யூடியூபில் அடுத்த நேரலையை நேரம் குறித்துத் திறந்து, தலைப்பையும் விவரத்தையும் நிரப்பிவிடட்டும். கையிருப்பு தீர்ந்ததும் விவரத்திலிருந்து நீக்கிவிடட்டும். இதில் பிசகு வந்தாலும் ஒரு விவரக் குறிப்புதான் தப்பாகும், சூளை கெடாது. சலிப்பூட்டும் நகலெடுப்பு வேலை அத்தனையும் இதோடு ஒழியும். நேரலையில் பேசுபவர் விலையைத் தேடித் தடுமாறவும் மாட்டார்.

நேரலையில் பார்வையாளர்கள் தட்டச்சிய கேள்விகளையும் தானாக ஒரு பட்டியலுக்குக் கொண்டுவரலாம். அவை அவர்களே எழுதியவை, யாரும் ஊகித்து எழுத வேண்டியதில்லை. "போன வருஷம் வாங்கிய விளக்கில் எண்ணெய் கசிகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அது எந்த பேட்ச் என்று தேட ஒரு தூண்டுதல் கிடைக்கும். நேரலையின் இணைப்பும், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பேட்ச் பக்கத்தின் அடியில் தானாக வந்து உட்காரட்டும். எழுத்தாக்கம் வேண்டுமானால் வரைவாக ஒரு தனி இடத்தில் கிடக்கட்டும். ஆள் பார்க்காமல் அங்கிருந்து ஒரு சொல்லும் செய்முறைப் பக்கத்துக்கு வரக் கூடாது.

"யார் எழுதுவார்கள்? நம் ஆட்கள் எழுத மாட்டார்கள்" என்று கடைசியாகச் சொல்வார்கள். தொழிலாளிகளைப் பற்றிய இந்தத் தாழ்வான எண்ணம்தான் இந்த முழு வாதத்துக்கும் அடித்தளம் என்று நினைக்கிறேன். கூலிக் கணக்கு, அச்சுக் கணக்கு, அட்வான்ஸ் கணக்கு என்று பட்டறைகளில் எழுத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது. எழுதியது படிக்கப்படும், அதனால் ஏதாவது நடக்கும் என்று தெரிந்தால் மனிதர்கள் எழுதுகிறார்கள். சூளை நோட்டில் "கதவுப் பக்கம் சூடு பத்தலை" என்று எழுதிய பிறகும் ஒரு வருஷமாக அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லையென்றால் அடுத்த தடவை அவர் ஏன் எழுத வேண்டும்? அவருக்கு எழுத்து கூச்சமானால் சொல்லட்டும், இன்னொருவர் எழுதட்டும். செராமிக் கல்வி நிலையம் ஊரிலேயே இருக்கிறது. பட்டயப் படிப்பு மாணவர் ஒருவர் வாரம் ஒரு மாலை பட்டறையில் உட்கார்ந்து, அந்த வார பேட்ச் பக்கங்களை வார்ப்பவரோடு சேர்ந்து நிரப்பி, வாசித்துக் காட்டித் திருத்தினால் மாணவருக்கும் அது வகுப்பறையில் கிடைக்காத படிப்பு. பாடநூலில் 573 டிகிரியைப் படித்தவரும் கதவைத் தொட்டே அந்தக் கட்டத்தை உணர்பவரும் ஒரே பக்கத்தில் எழுதினால், இந்த ஊருக்குத் தேவையான ஏடு அப்போதுதான் பிறக்கும்.

ஆகவே பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கும் அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் என் கோரிக்கை இது. முதல் நாளில் ஸேப்பியர் கணக்கைத் திறக்கச் சொல்லாதீர்கள். பேட்ச் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சூளையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஒரு சீசன், நவராத்திரியிலிருந்து கார்த்திகை வரை, அதைத் தாளிலேயே நிரப்பட்டும். எந்தக் கட்டம் தினமும் நிரம்புகிறது, எது காலியாகவே கிடக்கிறது என்று பார்த்து, காலியானதை நீக்கிவிட்டு, மீதியை நோஷனுக்கோ கான்ஃப்ளுயன்சுக்கோ கொண்டுபோங்கள். பத்துப் பேர் வரை கான்ஃப்ளுயன்ஸ் இலவசம், ஒரு சிறு பட்டறைக்கு அது போதும். நேரலைக்கான இணைப்பை அதன்பிறகு, ஏட்டிலிருந்து வெளியே போகும்படி மட்டும் அமைத்துக் கொடுங்கள்.